நிறுத்திய பிறகு வந்த நோய்

அம்மாவின் மாத்திரைகளை எடுத்துத் தெருச் சாக்கடையில் கொட்டியது நான்தான்.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அடுக்களையில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பதினேழு காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நான்கு மாத்திரைகள்: மஞ்சளாக ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று, அரிசிக் குருணையைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு குட்டி வெள்ளை. அட்டையிலிருந்து பிய்த்துப் போட்டவை என்பதால் எதற்கும் பெயர் கிடையாது. எங்கள் பக்கத்தில் இதற்குச் 'செட் மாத்திரை' என்று பெயர். மருந்துக்கடையில் போய், "மூட்டுவலிக்குப் பத்து செட்" என்று சொன்னால் போதும், சீட்டும் கேட்க மாட்டார்கள், ஆளையும் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் குட்டி வெள்ளைதான் ஸ்டீராய்டு என்று அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டு, கோபத்தோடுதான் ஊருக்கு வந்திருந்தேன். முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை வரும், கண்ணில் புரை விழும் என்று அவள் சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் என்னிடம் இருந்தது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதமும், அம்மாவின் உயிர் ஊசலாடிய ஓர் இரவும் ஆயின. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஊர். அம்மா பன்னிரண்டு வயதில் சுளகை மடியில் வைத்தவள். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். 2014 வாக்கில் அவளுக்கு விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. இலை வெட்டும் கத்தரிக்குள் கட்டை விரலை நுழைக்க முடியாமல், சுடுதண்ணீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடக்குவாதம் என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போகும் வீட்டில், பெயர் தேடி அலைய நேரமும் இல்லை.

2016ல் பக்கத்து வீட்டு மதினி கொடுத்த ஒரு செட் மாத்திரையில் எல்லாம் மாறியது. மறுநாள் காலை விரல் மடங்கியது. அன்றைக்கு எண்ணூறு பீடி சுற்றினேன் என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950ல், ஹென்ச்சுக்கும், வேதியியலாளர்கள் கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்தின் பெரிய மருத்துவர்களே மலைத்துப்போன மருந்து அது. எங்கள் அம்மாவும் மதினியும் மலைத்ததில் என்ன ஆச்சரியம்?

காலையில் ஒரு செட், இரவில் ஒரு செட். ஆறு வருடம்.

முகம் உருண்டது. கன்னம் உப்பியது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. "இப்போதுதான் உடம்பு போட்டிருக்கிறாள், மகள் சம்பாத்தியம் ஒட்டுகிறது" என்று ஊர் சொன்னது. அம்மாவுக்கும் பெருமை. நானும் அதை ஆரோக்கியம் என்றே நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முன்கையில் லேசாக இடித்தாலே நாவல்பழ நிறத்தில் இரத்தம் கட்டும். தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்திருக்கும். அதையும் வயது என்று விட்டுவிட்டோம்.

சரி, அந்தப் பொங்கலுக்கு வருகிறேன். நான் பொட்டலங்களைக் கொட்டியபோது அம்மா தடுக்கவில்லை. "ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு என்னமோ பண்ணும் தாயி, போன தடவை மூன்று நாள் விட்டுப்போனதற்கே எழுந்திருக்க முடியவில்லை" என்று மட்டும் சொன்னாள். "அது மாத்திரைப் பழக்கம் அம்மா, போகப் போகச் சரியாகும்" என்றேன். அவள் உடம்பு அவளுக்குச் சரியான தகவலைச் சொல்லியிருந்தது. காதில் போட்டுக்கொள்ளாதவள் நான்.

முதல் இரண்டு வாரம் மூட்டுவலி. அதை எதிர்பார்த்தோம். உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலி. தொடைச் சதை, தோள்பட்டை என்று மூட்டே இல்லாத இடத்திலும் வலி. பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தோம். ஸ்டீராய்டு சட்டென்று நின்றாலே இப்படித் தசையும் மூட்டும் வலிக்கும் என்பதை மருத்துவர்கள் பின்னால் விளக்கினார்கள். வந்தது பழைய நோயா, மருந்து நின்றதன் விளைவா என்று பிரித்துப் பார்ப்பது அவர்களுக்கே லேசான காரியம் இல்லையாம்.

பிறகு வந்தவைதான் எங்களை ஏமாற்றியவை. ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு சாதாரணக் காரணம் தயாராக இருந்தது.

அலுப்பு. சும்மா அலுப்பு இல்லை. நான் மாசியில் போயிருந்தபோது பார்த்தேன். காலை பத்து மணிக்கு முறுக்கிய இலை ஒன்று கையில் இருக்க, நூல் கட்டுவதற்குள் அம்மாவின் கை அப்படியே மடியில் விழுந்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து அதே பீடியை எடுத்துக் கட்டி முடித்தாள். நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே சுற்றிய கை அது. தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு. "வயது ஆகவில்லையா?" என்றார்கள். அப்போது அவளுக்கு 56.

பசி போனது. கோழிக் குழம்புக்கு உயிரை விடுகிறவள், தாளிக்கும் வாசனைக்கே முந்தானையால் மூக்கை மூடினாள். காலையில் குமட்டல், சில நாள் வாந்தி, அடிவயிற்றில் இன்ன இடம் என்று காட்டத் தெரியாத வலி. குடற்புண் என்றார்கள். எண்டோஸ்கோப்பி எடுத்தோம், புண் இல்லை. ஆனாலும் புண் மாத்திரை கொடுத்தார்கள்.

உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே நிற்பாள்; பத்து எண்ணிய பிறகுதான் அடுத்த அடி. இரத்தசோகை என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தாள். உருண்ட முகம் வற்றியபோது, கெட்ட நீர் இறங்குகிறது, நல்லதுதான் என்று நானே சொன்னேன். ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாள்.

மனசும் மாறியது. எதிலும் ஒட்டுதல் இல்லை. போனில் பேச ஆரம்பித்தால் வைக்க விடாதவள், "சரி, வைக்கட்டுமா?" என்று அவளே முடித்தாள். மன அழுத்தமாக இருக்கும் என்று ஒரு மருத்துவர் அதற்கும் மாத்திரை எழுதினார்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல தடயம் கிடைத்து, அதையும் தவறவிட்டோம். உள்ளூர் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றுவார். அது ஏறிய அன்றும் மறுநாளும் அம்மா தெளிவாக இருப்பாள், பிறகு பழையபடி. உப்புத் தண்ணீர் ஏறினால் தெம்பு வருகிறது என்றால் உடம்பில் உப்பும் இரத்த அழுத்தமும் ஏன் இறங்குகின்றன என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். பங்குனியில் எடுத்த ஒரு இரத்தப் பரிசோதனையில் சோடியம் 126 என்று வந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145. "உப்புக் கொஞ்சம் கூடப் போட்டுச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார்கள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அம்மா ஆறு வருடம் என்ன சாப்பிட்டாள் என்பதை நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. "இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்கள், "ஒன்றுமில்லை" என்றோம். அது உண்மையான பதில்தான். முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

வைகாசியில் அம்மன் கோவில் கொடை. மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். வீட்டில் நான்கு பேருக்கு அதே வயிற்றுப்போக்குதான். மற்ற மூவரும் ஒரு நாளில் எழுந்துவிட்டார்கள். அம்மா எழவில்லை. மாலையில் வாந்தி நிற்காமல் வந்தது. இரவு எட்டு மணிக்கு நான் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னை என் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கை சில்லிட்டிருந்தது.

பாளையங்கோட்டையில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இரத்த அழுத்தம் 70க்கு 40. இரத்தச் சர்க்கரை 54. இரண்டு கையிலும் ஊசி குத்திச் சலைன் வேகமாக ஏற்றினார்கள். இரண்டு பாட்டில் இறங்கியும் அழுத்தம் ஏறவில்லை.

அப்போது பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் அம்மாவின் முன்கையைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஊசி குத்திய இடத்தைச் சுற்றிப் பரவியிருந்த கருநீலத்தையும் அந்தச் சருகுத் தோலையும் விரலால் தடவினார். சேலையைக் கொஞ்சம் விலக்கி வயிற்றைப் பார்த்தார்; பிள்ளைப்பேறு முடிந்து இத்தனை வருடம் கழித்தும் அங்கே அகலமான செந்தழும்புகள். என் பக்கம் திரும்பி, "வலி மாத்திரை, ஆஸ்துமா மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, ஏதாவது வருடக்கணக்கில் சாப்பிட்டார்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் வறண்டது. சொன்னேன். "எப்போது நிறுத்தினார்கள்?" சொன்னேன். "யார் நிறுத்தச் சொன்னது?"

அதற்கும் பதில் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கார்டிசாலுக்கு இரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல், ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 100 மி.கி. நரம்பில் போடச் சொன்னார். பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி. விடிவதற்கு முன்பே அழுத்தம் 100ஐத் தொட்டது. காலை ஏழு மணிக்கு அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "காப்பி வாங்கிக் கொண்டு வா தாயி, பசிக்கிறது" என்றாள். நான்கு மாதமாக அவள் வாயிலிருந்து வராத சொல். வார்டு வராந்தாவில் நின்று அழுதேன்.

மறுநாள் வந்த கார்டிசால் அளவு, டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம். அப்படி அபாயத்தில் இருக்கும் உடம்பு, பிழைப்பதற்காகக் கார்டிசாலை வாரி இறைத்திருக்க வேண்டும். அவள் சுரப்பியால் அந்த நேரத்தில் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்பதை அந்த மருத்துவர் எனக்கு விளக்கியதைவிட அம்மாவுக்கு விளக்கியதுதான் நன்றாக இருந்தது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்னச் சுரப்பிகள்தான் அட்ரீனல். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடை. கார்டிசாலைச் சுரப்பவை அவை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை அனுப்பி 'சுரந்து கொடு' என்று சொன்னால்தான் சுரக்கும். பிட்யூட்டரிக்கு உத்தரவு, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து வருகிறது. விடியற்காலையில் அதிகமாகவும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் இருப்பது கார்டிசாலின் இயல்பு. காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை என்று வந்தால் பல மடங்கு கூடும். அந்தக் கூடுதல்தான் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விழாமல் பிடித்துக்கொள்கிறது.

அம்மா பீடி சுற்றுகிறவள் என்று தெரிந்ததும் அவர் கேட்டார்: "உங்கள் ஊர்க் கடைக்கு வெளியூரிலிருந்து சுற்றிய பீடியே தினமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது என்று வையுங்கள். கம்பெனிக்காரர் உங்களுக்கு இலையும் தூளும் அனுப்புவாரா?"

"அனுப்ப மாட்டார்."

"ஆறு வருடம் கத்தரியைத் தொடாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் வெளியூர் பீடி நின்று, ஆயிரம் பீடி சுற்று என்றால்?"

"கை எப்படி ஓடும்?" என்றாள் அம்மா. அவளுக்குப் புரிந்துவிட்டது. சுரப்பி சுருங்கிப்போயிருந்தது, அதைக் கூப்பிடும் மூளையும் கூப்பிடுவதை மறந்திருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அந்த மருந்துக்கடைக்குப் போய் அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். குட்டி வெள்ளை, டெக்சாமெத்தசோன் 0.5 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 1 மி.கி. பார்க்க அற்பமாகத்தான் தெரிகிறது. பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் கணக்கில் அது ஏறத்தாழ 7 மி.கி.; ஒரு மனித உடம்புக்கு ஒரு நாளுக்குத் தேவையான கார்டிசாலுக்கு ஈடு பிரெட்னிசோலோன் 4 முதல் 6 மி.கி. ஆகவே அந்தக் குருணை மாத்திரை இரண்டும் அம்மாவின் சுரப்பி செய்யவேண்டிய முழு வேலையையும் செய்து முடித்து, மேலேயும் கொஞ்சம் செய்துகொண்டிருந்தன. அதிலும் இரவு மாத்திரை, விடியற்காலையில் எழவேண்டிய இயல்பான உந்துதலைத்தான் முதலில் அடக்கும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பாடப்புத்தகத்து அட்ரீனல் நோய், 1855ல் லண்டனில் தாமஸ் அடிசன் எழுதிவைத்தது, தோலையும் ஈறையும் கறுக்கவைக்கும். உப்புக்கு நாக்கு ஏங்கும். பொட்டாசியம் கூடும். அங்கே சுரப்பியே கெட்டுப்போகிறது. ஸ்டீராய்டால் வருவதில் இவை பெரும்பாலும் இருக்காது. தோல் கறுக்காது, பொட்டாசியம் சரியாகவே இருக்கும். கண்ணில் படும் அடையாளம் ஒன்றும் இல்லாததால்தான் அலுப்பு, குமட்டல், தலைச்சுற்றல், எடைக்குறைவு என்று உதிரி உதிரியாக வந்து நிற்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சேர்த்துப் பார்க்கவும் வேண்டும், அதோடு பழைய மாத்திரைக் கதையையும் கேட்கவும் வேண்டும்.

இது மருத்துவ உலகத்துக்குப் புதிதும் இல்லை. கார்டிசோன் வந்த சில ஆண்டுகளிலேயே, 1952ல், முடக்குவாதத்துக்காக அதைச் சாப்பிட்டுவந்த ஒருவர் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தது அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவானது. பரிசோதித்தபோது அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. எழுபது வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்ட ஆபத்து, எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அம்மாவோடு அலைந்த பதினான்கு மாதத்தில் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

மூன்று, நான்கு வாரத்துக்குக் குறைவாக ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் பொதுவாகப் பயப்படவேண்டியதில்லை. ஒரு வாரம் பத்து நாள் என்று மருத்துவர் கொடுத்ததை அவர் சொன்னபடி நிறுத்தலாம். அதற்கு மேல் போனால், உடம்புக்கு இயல்பாகத் தேவையான அளவைத் தாண்டிய மருந்து எந்த வழியில் போனாலும் சுரப்பி தூங்கக்கூடும். மாத்திரை மட்டும் என்று எண்ண வேண்டாம். மூட்டுக்குள் திரும்பத் திரும்பப் போடும் ஊசி, ஆஸ்துமாவுக்கு அதிக அளவில் இழுக்கும் இன்ஹேலர், உடம்பின் பெரிய பரப்பில் மாதக்கணக்கில் பூசும் வீரியமான தோல் களிம்பு எல்லாம் இதில் சேரும். பெயர் போடாத பாட்டிலில் வரும் மூட்டுவலிப் பொடிகளிலும் மூச்சிரைப்பு லேகியங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. "ஒரே வேளையில் வலி பறந்துவிடும்" என்று யாராவது பொடி கொடுத்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்று: காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை, உடம்பில் இருக்கும் கார்டிசாலையும் ஸ்டீராய்டு மருந்தையும் வேகமாகக் கரைத்துவிடும். நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் காசநோய்ச் சிகிச்சை தொடங்கும்போது பழைய கதையை மருத்துவரிடம் அவசியம் சொல்லவேண்டும்.

சரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் என்ன செய்வது? கெஞ்சிக் கேட்கிறேன், நான் செய்ததைச் செய்யாதீர்கள். பொட்டலத்தைக் கொட்டாதீர்கள். அதையே கையில் எடுத்துக்கொண்டு பொதுமருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ போங்கள். எந்த நோய்க்காகச் சாப்பிட்டீர்களோ அந்த நோய்க்கு முறையான மருந்தைத் தொடங்கிவிட்டு, ஸ்டீராய்டைப் படிப்படியாக இறக்குவார்கள். அம்மாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைத் திரும்பக் கொடுத்து, முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தையும் தொடங்கினார்கள். அது இல்லாமல் ஸ்டீராய்டை இறக்கியிருந்தால் வலி தாங்காமல் அவளே திருட்டுத்தனமாகக் கடைக்குப் போயிருப்பாள். வலிக்கு வழி சொல்லாமல் மாத்திரையை மட்டும் பிடுங்கியதுதான் நான் செய்த இரண்டாவது தவறு.

உடம்புக்குத் தேவையான அடிப்படை அளவுக்கு, பிரெட்னிசோலோன் 5 மி.கி. வாக்கில், வந்ததும் அவசரம் கூடாது. சுரப்பி விழித்துவிட்டதா என்று காலை எட்டு மணிக்கு எடுக்கும் கார்டிசால் பரிசோதனை சொல்லும். 2024ல் ஐரோப்பிய, அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையில், 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி மீண்டுவிட்டது, 5க்கும் 10க்கும் இடையில் இருந்தால் மருந்தைத் தொடர்ந்து பொறுத்துப் பார்க்கவேண்டும், 5க்குக் கீழ் என்றால் சில மாதம் காத்திருந்து திரும்பப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. பரிசோதனை அன்று காலை மாத்திரையைச் சாப்பிடாமல் போகவேண்டும், முந்தைய வேளைக்கும் பரிசோதனைக்கும் ஒரு நாள் இடைவெளி வேண்டும். பிரெட்னிசோலோன் இரத்தத்தில் இருந்தால் சில கருவிகள் அதையும் கார்டிசால் என்று எண்ணிப் பொய்யான அளவு காட்டிவிடும். இது தெரியாமல் நாங்கள் ஒருமுறை மாத்திரை போட்டுவிட்டுப் போய் முந்நூறு ரூபாய்ப் பஸ் செலவையும் ஒரு நாளையும் இழந்தோம்.

அம்மாவின் அளவு ஐந்து மாதம் கழித்து 4.2. ஒன்பதாவது மாதம் 7.6. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது: காய்ச்சல் என்றால் அன்றைக்கு மாத்திரை இரட்டிப்பு, காய்ச்சல் விட்ட பிறகு பழைய அளவு. வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் கிடையாது. நேராக மருத்துவமனை, ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி. பல் பிடுங்கப் போனாலும் சொல்லவேண்டும், அறுவைச் சிகிச்சை என்றால் கட்டாயம் சொல்லவேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது; காய்ச்சல் வந்த இரவில் யோசிக்க முடியாது.

பிரிட்டனில் 2020 முதல் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஓர் அவசர அட்டை கொடுக்கிறார்கள் என்று படித்தேன். எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே அட்டையை வெட்டி எழுதினேன்: 'இவர் நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டவர். அட்ரீனல் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. மயக்கம், தொடர் வாந்தி, தாழ்ந்த இரத்த அழுத்தம் இருந்தால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி தேவை.' கீழே என் கைபேசி எண். அந்த இளம் மருத்துவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மா பீடிப் பாஸ்புத்தகத்தோடு சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள்.

2023 ஆடியில், பதினான்காவது மாதம், அளவு 12.4. மாத்திரையை நிறுத்தலாம் என்றார்கள். முழுதாக நிறுத்திய முதல் வாரம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரில் இருந்தேன். தினமும் காலையில் அவள் கட்டிலிலிருந்து எழுந்து நிற்பதைக் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நிலைப்படியைப் பிடிக்கிறாளா, எண்ணுகிறாளா என்று. பிடிக்கவில்லை. நேராகக் கொல்லைக்கு நடந்துபோனாள்.

இப்போதும் அட்டையை அவள் பையிலிருந்து எடுக்கவில்லை. மருந்து நின்ற பிறகும் பெரிய காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் சுரப்பி திணறக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் போயிருந்தபோது, அந்தப் பக்கத்து வீட்டு மதினி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முகம் உருண்டு பளபளத்தது. அம்மாவுக்கு முதல் செட்டைக் கொடுத்தவர், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "நானும் இன்றோடு விட்டுவிடப் போகிறேன் மதினி, உனக்கு வந்ததைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது" என்றார் அம்மாவிடம்.

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். "விடாதே" என்றாள். "இன்றைக்கு ராத்திரி மாத்திரையைப் போடு. நாளைக் காலையில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வா. ஆறரை பஸ்ஸில் போவோம்."

மறுநாள் மதினி, முந்தானை முடிச்சில் இரண்டு பொட்டலங்களோடு, ஆறேகாலுக்கே வந்து நின்றார்.